சாலியாற்றின் இடது கரை

நவம்பர் 9, ஞாயிறு

முடிவாகிவிட்டது. அரையாண்டு விடுமுறையில் மூன்று பேரும் கேரளத்துச் சாலியாற்றில் கயாக் படகு ஓட்டப் போகிறோம்.

இரண்டு வருடமாகச் சம்யுக்தா கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. அப்புறம் எந்த ஊர்க் கல்லூரியோ, எந்த விடுதியோ. இப்போது போகாவிட்டால் மூன்று பேரும் சேர்ந்து எங்கேயும் போகப் போவதில்லை. அதனால் காலையில் தோசை ஊற்றிக்கொண்டே நானே பேச்சை எடுத்தேன்.

என் வீட்டுக்காரருக்குத்தான் தண்ணீர் ஆகாது. கிரைண்டர் கடைக்காரர், கல்லை ஒற்றை ஆளாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவார். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கச் சொன்னால் முகம் வெளுத்துப் போகும்.

"ஆத்துல வெள்ளம் கிள்ளம் வந்தா என்ன பண்றது?" என்றார்.

"மார்கழியில எங்கீங்க வெள்ளம்? குளமாட்ட நிக்குமாமா. பகல்ல மெதுவாப் போறது, சாயங்காலம் மணல் திட்டுல கூடாரம் போட்டுக்கறது. அவ்வளவுதான். லைஃப் ஜாக்கெட் போட்டா முங்கோணும்னாலும் முங்க முடியாது."

"நீ சொல்லுவ. நீ கோபி வாய்க்கால்ல பொறந்தவ."

"அப்பா, ப்ளீஸ்ப்பா," என்றாள் சம்யு. அதோடு அவர் கதை முடிந்தது. மகள் கேட்டால் கிணற்றில்கூடக் குதிப்பார்.

அரீக்கோட்டில் கயாக் விடும் அனீஸ் என்பவரிடம் பேசினேன். தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறார். கூடாரம், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டு பேர் உட்காரும் கயாக் இரண்டு. ஒன்றில் இவரும் அனீஸும். இன்னொன்றில் நானும் சம்யுவும். பின்னால் உட்காருகிறவர்தான் கயாக்கைத் திருப்ப வேண்டுமாம். அது நான்தான். பதினாறு வருடமாக வடவள்ளியில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவள், கேவலம் ஒரு கயாக்கைத் திருப்ப மாட்டேனா?

நவம்பர் 13, வியாழன்

மூன்று வகுப்பு. கடைசி வகுப்பு பரிமளா அக்கா. தையல் கடை வைத்திருக்கிறார், ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்ட ஆசைப்பட்டு வந்தவர். கை நன்றாகப் படிந்து வருகிறது. ஆனால் இன்று மருதமலை ரோட்டில் காரணமே இல்லாமல் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த லாரிக்காரன் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனான்.

"எதுக்குங்கக்கா பிரேக்கு?"

"லெப்ட்ல ஒரு பொண்ணு சைக்கிள்ல குறுக்க வந்துச்சுங்களே."

"எங்கீங்க?"

திரும்பிப் பார்த்தேன். ஒருத்தரையும் காணோம். என் பக்கத்து ஜன்னலை ஒட்டி ஒரு சைக்கிள் போயிருந்தால் எனக்குத் தெரியாதா? புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு எல்லாத் திசையிலிருந்தும் ஆள் வருகிற மாதிரியே இருக்கும். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். பாவம், கண் கலங்கிவிட்டது. இனிமேல் பொறுமையாக இருக்க வேண்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

மாவு அரைத்தாயிற்று. சம்யுவின் யூனிஃபார்முக்கு ஊக்கு தைத்தாயிற்று. விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய்த் தண்ணீர் புகாத பை ஒன்றும், தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச் மூன்றும் வாங்கினேன். கடை வாசலில் ஒரு படி, தரை என்ன நிறமோ அதே நிறத்தில். யார்தான் அப்படிக் கட்டுவார்களோ. முட்டியில் நல்ல அடி.

வரும்போது நம் வீட்டு கேட் தூணில் கார் லேசாக உரசிவிட்டது. பக்கத்து வீட்டு விளக்கு எரியவில்லை, இருட்டு. இடது கதவில் ஒரு கோடு. இவர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டாவது," என்றார். போன தடவை உரசியதையும் மறக்காமல் வைத்திருக்கிறார்.

நவம்பர் 23, ஞாயிறு

ஊருக்கு வெளியே குளத்தில் கயாக் வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மூன்று பேரும் பயிற்சிக்குப் போனோம். இவர் கரையிலேயே உட்கார்ந்து எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டார்.

துடுப்பைத் தண்ணீரில் வைத்ததுமே எனக்குக் கை படிந்துவிட்டது. சம்யு முன்னால், நான் பின்னால். காற்றே இல்லை. குளத்தின் நடுவில் போனதும் அவள் திரும்பிச் சிரித்தாள். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தேன். ஒரு பதினைந்து நிமிடம் உலகத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது ஓர் அன்னப் படகை இடித்துவிட்டோம். காலால் மிதித்து ஓட்டுகிற படகு. இரண்டு சின்னப் பிள்ளைகளும் அவர்கள் அம்மாவும் இருந்தார்கள். சம்யு, "ம்மா, லெப்ட்! லெப்ட்டு!" என்று கத்தினாள். லெப்ட் என்றால் இடது பக்கம் திருப்பு என்றுதானே அர்த்தம்? திருப்பினேன். நேராகப் போய் மோதியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சின்னப் பெண் மட்டும் பயந்து அழுதுகொண்டே இருந்தாள்.

"உனக்குத் தெரியலையாம்மா? வெள்ளை வெளேர்னு அவ்வளவு பெரிசு," என்றாள் சம்யு.

"நீ சொன்ன விதம் தப்பு. 'லெப்ட்ல படகு'ன்னு முழுசாச் சொல்லோணும்."

அவள் வீடு வரும்வரை கார்க் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நவம்பர் 26, புதன்

சம்யு ஒரு மாதிரியாக இருக்கிறாள். சமையலறையில் பூனை மாதிரி வந்து பக்கத்தில் நிற்கிறாள். இன்று தூக்கிவாரிப் போட்டுவிட்டது. "எப்ப வந்த?" என்றால், "நான் அப்போ புடிச்சு இங்கதாம்மா கைய ஆட்டிட்டு நிக்கறேன்," என்கிறாள். பரீட்சை பயமாக இருக்கும்.

நவம்பர் 30, ஞாயிறு

எழுத மனமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சாப்பிடும்போது அனீஸுக்கு முன்பணம் அனுப்பிவிட்டதைச் சொன்னேன். விடியற்காலையில் கிளம்பினால் பாலக்காடு தாண்டி வெயில் வருவதற்குள் நிலம்பூர்ப் பக்கம் போய்விடலாம் என்றேன்.

சம்யு தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ ஓட்டறதா இருந்தா நான் வரலைம்மா," என்றாள்.

"எதை? காரையா, கயாக்கையா?"

"ரெண்டையும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"உனக்கு இடது பக்கம் தெரியலைம்மா. நாலு நாளா நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன். கைய ஆட்டிப் பார்த்தேன், கரண்டியக் காட்டிப் பார்த்தேன். நேத்து உன்ற காதுகிட்ட வெரல வச்சேன். நீ பாட்டுக்குக் கருவேப்பில உருவிட்டு இருந்த."

என் வாயிலிருந்து என்னென்னவோ வந்தது. உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறவள் யார், உனக்கு இருமல் வந்தால் ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு வண்டியெடுக்கிறவள் யார் என்று. அவள் அழுதாளே தவிர, சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

இவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "மாமாவுக்கு இருந்தாப்பல இருக்குமோ?" என்றார் மெதுவாக.

"அப்பாவுக்கு அப்போ எழுபது வயசுங்க. எனக்கு நாப்பத்தி நாலு."

அப்பா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்தார். கண் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போனவளே நான்தான். பிள்ளைகளும் வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதே டாக்டர் சொன்னார். பார்க்கத்தான் நினைத்தேன். வகுப்பு, வீடு என்று தள்ளிப் போய்விட்டது. அதுவும் தவிர, எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரிகிறது. ஊசியில் நூல் கோப்பேன். தூரத்து பஸ்ஸின் நம்பர் படிப்பேன்.

டிசம்பர் 1, திங்கள்

சளி என்று சொல்லி இன்றைய வகுப்புகளை நிறுத்திவிட்டேன். சளி இல்லை.

டிசம்பர் 4, வியாழன்

கண் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனேன். இவர் கடையை அடைத்துவிட்டுக் கூட வந்தார்.

ஒரு கண்ணை மூடி ஒட்டிவிட்டு, பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. அதையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

வலது கண்ணுக்கு மின்னியது, அழுத்தினேன். பிறகு இடது கண். ஒன்றிரண்டு மின்னியது. அப்புறம் ஒன்றும் இல்லை. மெஷினுக்குள் 'டக், டக்' என்று சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, மெஷின் நின்னுபோச்சுங்களா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஓடுதுங்க மேடம். நீங்க மஞ்சளையே பாருங்க."

அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு 'டக்'குக்கும் எங்கோ ஒரு வெளிச்சம் மின்னிக்கொண்டுதான் இருக்கிறது. பொத்தானை அழுத்தாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொய்யாக அழுத்திவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். காகிதத்தில் படத்தைக் காட்டினார். இடது கண்ணின் படத்தில் நடுவில் கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. வலது கண்ணிலும் மூக்கை ஒட்டிய பக்கம் கறுக்க ஆரம்பித்திருக்கிறது.

"ஆனா எனக்கு எங்கயும் கறுப்பாத் தெரியலையே சார்."

"தெரியாதும்மா. அதுதான் இதுல தொந்தரவே. காணாம போன இடத்தைப் பக்கத்துல இருக்கறத வச்சு மூளையே நிரப்பிக்கும். ரோடு இருக்கற மாதிரியேதான் தெரியும். ரோட்டுல வர்ற ஆள்தான் தெரிய மாட்டாங்க. கண்ணுல நீர் அழுத்தம், கிளகோமா. உங்க அப்பாவுக்கு இருந்ததும் இதேதான்."

"சரியாயிடுங்களா?"

"நரம்புல போனது போனதுதான். இருக்கறதக் காப்பாத்தலாம். தினமும் சொட்டு மருந்து, ஒரு நாள்கூட விடக் கூடாது." பிறகு கேட்டார்: "வண்டி ஓட்டுவீங்களா?"

"ஓட்டச் சொல்லித் தர்றாங்க சார்," என்று இவர்தான் சொன்னார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

டிசம்பர் 5, வெள்ளி

காலையில் எழுந்ததும் முதலில் பரிமளா அக்காவுக்குத்தான் போன் செய்தேன்.

"அக்கா, அன்னைக்கு மருதமலை ரோட்டுல சைக்கிள்ல ஒரு பொண்ணு வந்துச்சுன்னு சொன்னீங்களே..."

"ஆமாங்க. நீலப் பாவாடை போட்டுட்டு, பள்ளிக்கூடத்துப் புள்ள. விட்டிருந்தா வண்டிக்குக் கீழதானுங்க."

"நீங்க பிரேக் போட்டது சரிதானுங்க. எனக்குத்தான் தெரியல. எனக்குக் கண்ணு சரியில்லைங்கக்கா."

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது. "நீங்க திட்டினதும், நான்தான் இல்லாததப் பார்த்துட்டேனாக்கும்னு நெனச்சுட்டேனுங்க," என்றார்.

நீலப் பாவாடை. இன்று முழுக்க அந்தப் பிள்ளை கண்ணுக்குள்ளேயே நிற்கிறாள். பார்க்காத பிள்ளை.

சாயங்காலம் அனீஸுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இவரிடமும் சொன்னேன். கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எதுக்கு?" என்றார்.

"எப்படிங்க போறது? யார் ஓட்டுவா?"

"நான்."

தாலி கட்டிய புதிதில் கடைக்கு டெம்போ ஓட்டியவர்தான். நான் கார் வாங்கியதிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. இடது பக்கம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வருவார்.

"ஆத்துக்கு உங்களுக்குத்தான் பயமாச்சே," என்றேன்.

"பயந்தான். அதுக்கோசரம் போகாம இருக்க முடியுமா?" என்றவர், என் போனை எடுத்து அனீஸின் நம்பரை அவரே அழுத்தினார்.

டிசம்பர் 14, ஞாயிறு

தினமும் காலையில் இவருக்கு வண்டிப் பழக்கம். நான் வழக்கமான இடது இருக்கையில். என் காலடியில் ஆசிரியருக்கான பிரேக் இருக்கிறது. முதல் இரண்டு நாள் என் கால் தானாகவே அதை மிதித்துக்கொண்டே இருந்தது. இவர் பொறுத்துப் பார்த்துவிட்டு நேற்று காரை ஓரங்கட்டி, "நீ என்னத்தப் பார்த்துட்டு மிதிக்கற?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

அதனால் இன்று செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பேரூர் வரை போய்த் திரும்பினோம். வளைவுகளில் கியரை மாற்ற மறந்துவிடுகிறார். மற்றபடி, நான் ஓட்டுவதைவிட நிதானமாகத்தான் ஓட்டுகிறார். இதை அவரிடம் சொல்லவில்லை.

சம்யு என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசினால் அழுதுவிடுவாள் என்று தோன்றுகிறது. ஆனால் காலையும் ராத்திரியும் சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு அவள்தான் வருகிறாள். "மேல பாரு" என்று மட்டும் சொல்கிறாள்.

டிசம்பர் 20, சனி

பாதியில் நின்ற ஏழு பேரையும் சாய்பாபா காலனியில் வகுப்பு நடத்தும் ஒரு பெண்ணிடம் சேர்த்துவிட்டேன். பரிமளா அக்கா மட்டும் போக மாட்டேன் என்றார். "கண்ணு போனா என்னங்க, வாயிருக்குதில்ல?" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். நானே கூட்டிக்கொண்டுபோய் அந்தப் பெண்ணின் காரில் உட்கார வைத்துவிட்டு வந்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, பதினாறு வருடத்தில் முதல் முறையாகக் கையில் சாவி இல்லாமல் ரோட்டில் நிற்கிறேன் என்பது உறைத்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

டிசம்பர் 27, சனி

மணல் திட்டில் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் இன்னும் இருக்கிறது.

இவர் காரை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். இறங்கியதும் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

கரையில் கயாக்குகளை இறக்கிவிட்டு, "பின்னில் ஆரு?" என்றார் அனீஸ். சம்யு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் முன் இருக்கையில் காலை வைத்தேன். அவள் என் ஜாக்கெட் வாரை இழுத்து இறுக்கிவிட்டுப் பின்னால் ஏறினாள்.

"சேச்சி, முன்னில் இரிக்கிற ஆளு துடுப்பு போடற தாளத்துக்குத்தான் பின்னில் உள்ள ஆளு போடணும்," என்றார் அனீஸ். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரோ என்னவோ.

ஆறு அசையாமல் கிடந்தது. சம்யு கயாக்கை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கோணல்மாணலாகக் கொண்டுபோனாள். வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். இவர் அனீஸின் கயாக்கில் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, கோயில் தேரில் உற்சவர் மாதிரி ஆடாமல் அசையாமல் வந்தார். மதியத்துக்கு மேல் ஒரு கையை எடுத்துத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார்.

டிசம்பர் 28, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் பனி விலகியதும் கிளம்பினோம். அனீஸும் இவரும் முன்னால் போய்விட்டார்கள். ஆறு அகலமாகிற ஓர் இடத்தில் என்ஜின் சத்தம் கேட்டது. அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆட்களையும் பைக்குகளையும் ஏற்றிப் போகிற படகு.

"ம்மா, படகு வருது," என்றாள் சம்யு.

தலையை இடது பக்கம் திருப்பினேன். தென்னை மரங்கள், தண்ணீர். படகைக் காணோம். இன்னும் திருப்பினேன். ஜாக்கெட் கழுத்தில் இடித்தது. சத்தம் இரண்டு கரையிலும் பட்டு எல்லாப் பக்கமிருந்தும் வருகிற மாதிரி இருந்தது. பின்னால் அவள் துடுப்பு நின்றுவிட்டது.

"ம்மா... ம்மா, என்ன பண்றது?"

"சம்யு, எனக்கு இடது பக்கம் தெரியாது சாமி. நீதான் சொல்லோணும். எவ்வளவு தூரத்துல இருக்குது?"

"நம்ம தெருமுனை தூரம்."

"நம்மளப் பார்த்துட்டாங்களா?"

"தெரியல. ஓட்டறவரு திரும்பி யாரோடவோ பேசிட்டிருக்காரு."

"நமக்கு முன்னால போகுமா, பின்னால போகுமா?"

"நேரா வருதும்மா!"

"செரி. பயப்படாத. பின்னாடி போலாம். நான் போடறாப்பலயே போடு. ஒண்ணு... ரெண்டு... அழுத்தி, ஒண்ணு... ரெண்டு..."

வகுப்பில் பேசுகிற குரல் எப்படியோ வந்துவிட்டது. பயந்துபோன பெண்கள் எத்தனை பேருக்கு அந்தக் குரலில் பேசியிருப்பேன். துடுப்பைப் பின்னோக்கித் தள்ளினேன். ஒரு நொடி கயாக் நின்ற இடத்திலேயே ஆடியது. பிறகு பின்னால் நகர்ந்தது. அவள் துடுப்பு என்னுடையதோடு சேர்ந்து விழும் சத்தம் கேட்டது.

"இப்போ துடுப்பத் தூக்கி ஆட்டு. கத்து."

கத்தினாள். நானும் கத்தினேன். படகில் யாரோ பதிலுக்குக் கூவினார்கள். என்ஜின் சத்தம் மாறியது. அப்புறம்தான் அது என் கண்ணுக்குள் வந்தது. எங்கிருந்தோ திடீரென்று முளைத்த மாதிரி, நேர் எதிரே, பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு பெரிய படகு. பைக்குகள், ஒரு பெண்ணின் சிவப்புக் குடை, எங்களைப் பார்த்துக் கையை விரிக்கிற ஓட்டுநர். கடந்து போய்விட்டது.

"அலை வரும். மூக்க அலைக்கு நேராத் திருப்பு."

"எந்தப் பக்கம்மா?"

"நீ பார்க்கறயில்ல, உனக்கே தெரியும்."

திருப்பினாள். அலை எங்களைத் தூக்கி இறக்கியது. இன்னொரு தடவை தூக்கி இறக்கியது. அப்புறம் தண்ணீர் படிந்துவிட்டது. தூரத்தில் இவர், தண்ணீர் பயத்தையெல்லாம் மறந்து கயாக்கில் பாதி எழுந்து நின்று எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அனீஸ் அவரை இழுத்து உட்கார வைத்தார்.

கொஞ்ச நேரம் இருவரும் துடுப்புப் போடவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"கண்ணு தெரியலைன்னு இன்னைக்குத்தாம்மா எங்கிட்ட உன்ற வாயால சொல்லியிருக்க," என்றாள்.

"ம்."

"நான் உன்னக் கட்டாயப்படுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்புனது... உன்ற டிரைவிங் ஸ்கூலு..."

"அதுக்கு ஒண்ணுமில்ல கண்ணு. மருதமலை ரோட்டுல ஒரு புள்ள சைக்கிள்ல வந்துச்சு, எனக்குத் தெரியல." அவள் துடுப்பின் முனையால் என் முதுகை லேசாகத் தொட்டாள். எட்டியது அவ்வளவுதான்.

மதியத்துக்கு மேல் வெயில் இறங்கியதும் அவளாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். இடது கரையில் ஒரு பாக்குத் தோப்பு. ஒரு பள்ளிவாசல், புதுசாச் சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க. ஓர் ஆட்டுக்குட்டி படியில இறங்கத் தெரியாம நிக்குது. நான் கேட்டுக்கொண்டே துடுப்புப் போட்டேன்.

"ம்மா, ஒரு அக்கா பாத்திரம் கழுவிட்டு நமக்குக் கை காட்டறாங்க."

துடுப்பை மடியில் வைத்துவிட்டு இடது பக்கமாகக் கையைத் தூக்கி ஆட்டினேன்.

"அங்க இல்லம்மா. இன்னும் கொஞ்சம் பின்னாடி."

கையை நகர்த்தினேன்.

"ம், அங்கதான். பார்த்துட்டாங்க. சிரிக்கறாங்கம்மா."